ஒரு ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டையில் பதனிடுவது: முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளாட்டுத் தோல் பச்சையாக இருக்கும்போது ஒன்றரை கிலோ அளவுக்கு இருக்கும். ஒழுங்காகப் பதனிட்டால் நான்கைந்து சதுர அடித் தோல் கையில் மிஞ்சும். அதில் இரண்டு பர்ஸ், ஒரு நோட்டுப் புத்தக உறை, மீதியில் சாவிக்கொத்துப் பட்டைகள் செய்துவிடலாம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பெரும்பாலான நாள்களில் உழைக்க வேண்டியது அரை மணி நேரம்தான், ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது.

என்னிடம் பழக வந்தவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். பட்டைத் தண்ணீரில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோல் அதற்கு முன்பே கெட்டிருக்கும். உப்பு போட இரண்டு மணி நேரம் தாமதித்திருப்பார்கள், அல்லது சுண்ணாம்பு உள்ளே தங்கியிருக்கும். அதனால் இங்கே பட்டைக்கு முந்தைய வேலைகளை நிதானமாகச் சொல்கிறேன்.

இது சுண்ணாம்பில் ஊறவைத்து ரோமத்தை நீக்கி, பிறகு பட்டைச் சாற்றில் பதனிடும் முறை. ரோமத்தோடு வேண்டுமென்றால் படிகாரமும் உப்பும் சேர்த்துச் செய்யும் வழி வேறு. அதில் சுண்ணாம்பே கிடையாது, இரண்டையும் கலக்காதீர்கள்.

1. எந்தத் தோலை எடுக்கலாம்

முதல் முயற்சிக்கு வெள்ளாட்டுத் தோல்தான் சரி. இழைகள் நெருக்கமாக இருப்பதால் புதியவரின் கையையும் தாங்கும். செம்மறித் தோலில் கொழுப்பு அதிகம், அடுக்கு அடுக்காகப் பிரிந்துவரும் குணமும் உண்டு. வழிக்கும்போது கொஞ்சம் அழுத்தினால் போதும், கிழிந்துவிடும்.

கசாப்புக் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். “அண்ணே, உரிக்கும்போது கத்தி படாம, கையால தள்ளி உரிச்சுக் குடுங்க” என்று கேட்டால் அவருக்குப் புரியும். கத்தி நுனி பட்ட இடம் பச்சைத் தோலில் மெல்லிய கீறலாகத்தான் தெரியும். பதனிட்டு இழுக்கும்போது அது ஓட்டையாகிவிடும்.

திடீரென்று செத்துப்போன ஆட்டின் தோலைத் தொடவே வேண்டாம். அடைப்பான் நோயில் ஆடு அப்படித்தான் சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வரும். அந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும், தோலில் பல காலம் உயிரோடு இருக்கும், உப்பும் சுண்ணாம்பும் அதை நம்பத்தக்க வகையில் அழிக்காது. அப்படி ஒரு ஆடு செத்தால் உரிக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

காட்டு முயல், கீரி, உடும்பு, மரநாய் போன்றவற்றின் தோல் எப்படிக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். “சாலையில் அடிபட்டுக் கிடந்தது” என்பதும் செல்லாது.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

தோலை வாங்கி வந்த பிறகு உப்பு தேடி ஓடக் கூடாது. எல்லாம் வீட்டில் இருக்கும் நாளில்தான் தோலை வாங்க வேண்டும்.

கல்லுப்பு ஒரு கிலோ. நீற்றிய சுண்ணாம்பு அரை கிலோ. அம்மோனியம் சல்பேட் 100 கிராம், உரக்கடையில் கிடைக்கும். காய்ந்த ஆவாரம்பட்டை இரண்டு கிலோ. கடுக்காய் 200 கிராம். புங்கெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 100 மில்லி. மஞ்சள்தூள் கொஞ்சம். மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி இரண்டு. தடித்த ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வழிப்பதற்கு ஆறு அங்குலப் பிவிசி குழாய் ஒரு மீட்டர் நீளம், மழுங்கிய கத்தி ஒன்று. கத்தி எவர்சில்வராக இருக்கட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் “ஆவாரம்” என்று மட்டும் கேட்டால் பூவைக் கட்டித் தருவார்கள். குளிக்கவும் கஷாயத்துக்கும் அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். பூவில் வேலை நடக்காது, பட்டை என்று அழுத்திச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கருவேலம்பட்டை போதும், ஆனால் நிறம் கருமையாகும், தோலும் கொஞ்சம் விறைப்பாக வரும்.

வாளி, கரண்டி, கம்பி, ஆணி என்று எதிலும் இரும்பு வேண்டாம். பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வினையால்தான். என் முதல் தோலைத் துருப்பிடித்த தகர மூடியால் மூடி வைத்தேன். மூடியிலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளிக்கும் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. அந்தப் பொட்டுகள் இன்றுவரை போகவில்லை.

3. உப்பு: முதல் சில மணி நேரம்

நம் ஊர் வெயிலில் உரித்த தோல் நான்கைந்து மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். நாற்றம் வரும் முன்பே ரோமத்தின் வேர் தளரும். பிறகு எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலும் மேல்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருக்கும்.

கடையிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் ரத்தத்தைக் கழுவி, தண்ணீர் வடியத் தொங்கவிடுங்கள். சூடு முற்றிலும் ஆறிய பிறகு, சதைப் பக்கம் மேலே இருக்கும்படி சாய்வான பலகையில் விரியுங்கள். தோலின் எடையில் பாதியளவு உப்பு வேண்டும். ஒன்றரை கிலோ தோலுக்கு 750 கிராம் போதும். ஓரங்கள், கழுத்து, கால் மடிப்புகள் எல்லாவற்றிலும் படும்படி கையால் தேயுங்கள். மடிந்து கிடக்கும் ஓரத்தில் உப்பு படாது. அழுகல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பலகை சாய்வாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அந்தத் தண்ணீர் ஓடிப்போக வழி வேண்டும். பையில் போட்டுக் கட்டி வைத்தால் அதே அழுக்குத் தண்ணீரில் தோல் ஊறும். இரண்டு நாள் கழித்து ஈர உப்பைத் தட்டிவிட்டு, புது உப்பு கொஞ்சம் தூவி மடித்து நிழலில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும்.

உடனே அடுத்த வேலைக்குப் போகிறீர்கள் என்றால் உப்பே வேண்டாம், நேராக ஊறவைக்கலாம். ஆனால் “சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற நினைப்பு இருந்தால் உப்பு போட்டுவிடுங்கள்.

வெயிலில் காயப்போடாதீர்கள். பச்சைத் தோல் சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிப் பசையாகிவிடும். மதிய வெயிலில் தகரக் கூரை மேல் போட்ட தோல் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும்.

4. ஊறவைத்தலும் சதை வழித்தலும்

முதலில் காய்ந்த உப்பைத் தட்டி எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்துவிடுங்கள். அப்படியே தண்ணீரில் போட்டால் அத்தனை உப்பும் கரைந்து உங்கள் தோட்ட மண்ணுக்குத்தான் போகும். உப்பு ஏறிய மண்ணைத் திரும்பச் சரிசெய்வது எவ்வளவு கஷ்டம் என்று பாலாற்றங்கரை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பிட்ட தோலுக்கு எட்டு மணி நேரம், இடையில் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பிடாத தோலுக்கு ஒரு மணி நேரம் போதும். தோல் உரித்த நாளில் இருந்ததுபோலத் துவண்டு தொங்கினால் பதம் சரி. விறைப்பான இடம் எங்காவது இருந்தால் இன்னும் ஊறட்டும், அங்கே சுண்ணாம்பு இறங்காது. இரவு முழுக்கப் பழைய தண்ணீரில் விட்டுத் தூங்கப் போகாதீர்கள். கோடையில் அது போதும், நாறிவிடும்.

பிவிசி குழாயின் அடிமுனையைச் சுவரோரம் ஊன்றி, மேல்முனையை உங்கள் பக்கம் சாய்த்து, தோலை அதன் மேல் சதைப் பக்கம் தெரியப் போர்த்துங்கள். மேல் ஓரத்தை வயிற்றால் குழாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மழுங்கிய கத்தியால் உங்களிடமிருந்து வெளியே தள்ளி வழியுங்கள். கொழுப்பும் சதைத்துணுக்கும் போனால் போதும். மெல்லிய சவ்வு ஒட்டியிருந்தால் இப்போது போராட வேண்டாம், சுண்ணாம்பில் ஊறிய பிறகு அது தானாகவே தூக்கிக்கொண்டு நிற்கும். வயிற்றுப் பகுதி மெல்லியது, அங்கே கை லேசாக இருக்கட்டும்.

5. சுண்ணாம்பு

ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சல் கிடைத்தால் நீங்களே நீற்றலாம். ஆனால் அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் நாளே நீற்றி, முழுக்க ஆறிய பிறகுதான் தோலை இறக்க வேண்டும்.

தோல் முழுதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வெளியே துருத்தும் பகுதியில் சுண்ணாம்பு காற்றுபட்டுக் கல்லாக மாறி ஒட்டிக்கொள்ளும். அந்தத் திட்டு கடைசிவரை சொரசொரப்பாகவே இருக்கும், சாயமும் பிடிக்காது. மேலே ஒரு தட்டு வைத்துக் கருங்கல்லால் அழுத்துங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும், அதனால் காலை, மதியம், இரவு என மூன்று முறை கட்டையால் கலக்கிவிட வேண்டும்.

எத்தனை நாள்? கத்திரி வெயிலில் நான்கு நாள், மார்கழியில் ஏழு நாள் வரை ஆகலாம். நாளை எண்ணாதீர்கள், தோலைப் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து கழுத்துப் பகுதியில் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ரோமம் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தால் எடுத்துவிடலாம். கழுத்தில் வராமல் முதுகில் மட்டும் வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அதற்காகப் பத்து நாள் போட்டு வைத்தாலும் தோல் பஞ்சுபோலத் தளர்ந்துவிடும்.

வேலை சீக்கிரம் முடியும் என்று சோடியம் சல்ஃபைடு வாங்கச் சொல்வார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அமிலம் ஏதாவது கலந்தால் உயிரைப் பறிக்கும் வாயு வரும். தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டிகளில் ஆட்கள் மூச்சுத்திணறிச் சாவது அந்த வாயுவால்தான்.

வாளிக்கு மூடி கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. ரோமமும் வேரும்

மறுபடி குழாய் மேல் போர்த்தி, இப்போது ரோமப் பக்கத்தை வழியுங்கள். கத்திக்குப் பதில் ஓரம் தேய்த்து மழுங்க வைத்த கொட்டாங்குச்சி எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. தோலை வெட்டாது, இரும்பும் இல்லை.

ரோமம் போனதும் வேலை முடிந்ததாக எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது தோலைப் பார்த்தால் நீலம் பாய்ந்த நிழல்போல ஒன்று தெரியும். அது துளைகளுக்குள் இருக்கும் வேரும் அழுக்கும். அழுத்தி மூன்று நான்கு முறை வழித்தால் சாம்பல் நிறச் சேறுபோல வெளியே வரும். இதை விட்டுவிட்டால் முடிந்த தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். பிறகு திருப்பிப்போட்டு, சதைப் பக்கச் சவ்வையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

7. சுண்ணாம்பை வெளியேற்றுதல்

அதிகம் பேர் அலட்சியமாகத் தாண்டிப்போகும் படி இது. உள்ளே சுண்ணாம்பு மிஞ்சியிருந்தால் பட்டைச் சத்து அதோடு சேர்ந்து கருத்துப்போகும், உள்ளே இறங்காது. தோல் காய்ந்ததும் மடித்தால் மேல்பரப்பு வெடிக்கும்.

ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் அலசுங்கள். பிறகு நான்கு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்து, தோலைப் போட்டு அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். அம்மோனியா நெடி தூக்கும், அதனால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில், வீங்கி ரப்பர்போல இருந்த தோல் துவண்டு, வழுவழுவென்று பட்டுத்துணிபோல ஆகும்.

முடிந்துவிட்டதா என்று பார்க்க நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். கழுத்து ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தொட்டு வையுங்கள். மஞ்சளாகவே நின்றால் சரி. நடுவில் சிவப்புக் கோடு ஓடினால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் அரை மணி நேரம் ஊறட்டும். மேல்பரப்பில் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், வெளிப்புறம்தான் முதலில் சுத்தமாகும்.

சோதனை சரியானதும் நன்றாக அலசி, தண்ணீர் வடியவிட்டு எடை போடுங்கள். இனிமேல் எல்லாக் கணக்கும் இந்த எடையை வைத்துத்தான். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பட்டைத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். உப்பும் இல்லாமல் சுண்ணாம்பும் இல்லாமல் இருக்கும் இந்த நிலையில் தோல் மிக வேகமாக அழுகும்.

8. பட்டைத் தண்ணீர்

தோலின் எடைக்கு ஒன்றரை மடங்கு காய்ந்த பட்டை வேண்டும். உரலில் இடித்துத் தீக்குச்சி அளவுக்கு நொறுக்குங்கள். மாவாக அரைத்தால் தோலில் ஒட்டிக்கொண்டு அலசுவது பெரும்பாடு. முதல் நாள் இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கொதிக்க வைக்காதீர்கள், சாறு கருத்துவிடும்.

இப்போது இந்த வேலையிலேயே முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். முதல் தண்ணீர் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியான சாற்றில் நேராக இறக்கினால் மேல்பரப்பு உடனே பதமாகி இறுகிவிடும். அது கதவைச் சாத்தியதுபோல ஆகி, அப்புறம் வரும் சத்து உள்ளே போகாது. வெளியே அழகான தோல், நடுவில் பச்சை. ஆறு மாதத்தில் அந்த நடுப்பகுதி கட்டையாக விறைத்துக்கொள்ளும்.

நான் செய்வது இப்படி. ஒன்றேகால் கிலோ தோலுக்கு மொத்தம் 1,900 கிராம் பட்டை. அதில் 300 கிராமை ஆறு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறுதான் முதல் தண்ணீர். வெளிர் டீ நிறத்தில் இருக்கும். இதில் மூன்று நாள். முதல் நாள் மட்டும் மணிக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். மடிப்பு விழுந்து அப்படியே கிடந்தால் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும், சாறு படாத இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

நான்காம் நாள் பழைய சாற்றில் பாதியைக் கொட்டிவிட்டு, 600 கிராம் பட்டையின் சாற்றைச் சேருங்கள். இதில் நான்கு நாள், தினமும் மூன்று முறை புரட்டினால் போதும். எட்டாம் நாளிலிருந்து மீதி ஒரு கிலோ பட்டையை இரண்டு பங்காக்கி, சாறோடு சக்கையையும் சேர்த்தே போடலாம். வாளியில் ஒரு பங்குப் பட்டை, அதன் மேல் தோல், அதற்கு மேல் மறு பங்கு என அடுக்கி, மேலே சாற்றை ஊற்றுங்கள். ஆறேழு நாள் இப்படி ஊறட்டும். நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் போதும்.

சாறு இலேசாகப் புளித்த வாடை அடிக்கும். அது நல்லது, புளிப்பு இருந்தால்தான் சத்து தோலில் பிடிக்கும். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் வழித்து எறிந்துவிட்டுக் கலக்குங்கள். ஆனால் அழுகல் நாற்றமும் தோலில் வழவழப்பும் இருந்தால் சாறு நீர்த்துப்போய்விட்டது என்று பொருள். உடனே புதுச் சாறு ஊற்ற வேண்டும்.

9. பதம் பார்ப்பது

பதினான்காம் நாள் வாக்கில், தோலிலேயே தடிமனான இடத்தில், அதாவது கழுத்திலோ பிட்டத்தின் ஓரத்திலோ ஒரு சின்னத் துண்டை வெட்டுங்கள். வெட்டுமுகம் ஒரே பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். நடுவில் நூல் அளவு வெள்ளைக் கோடு தெரிந்தாலும் இன்னும் நாலு நாள் தேவை. மெல்லிய வயிற்றில் வெட்டிப் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

அந்தத் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையை எங்கேயோ படித்துவிட்டு வருகிறார்கள். அது குரோமிய உப்பில் பதனிடும் குரோம் தோலுக்கானது. பட்டையில் பதனிட்ட நல்ல தோலும் கொதிநீரில் சுருண்டுவிடும். அதைப் பார்த்துப் பயந்து சரியான தோலைத் தூக்கி எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை எனக்கு.

10. கடுக்காய்

ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் படப்படச் செம்பழுப்பாக மாறும். கடுக்காயில் முடித்தால் அந்தச் சிவப்பு குறையும், நிறம் வெளிர் மஞ்சளாக நிற்கும். கொட்டையை நீக்கி, சதையை மட்டும் இடித்து, நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். ஆறிய பிறகு தோலை இரண்டு நாள் போடுங்கள். சிவந்த நிறம்தான் பிடிக்கும் என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம், தோலின் உறுதிக்கு அதனால் கேடில்லை.

11. எண்ணெய், உலர்த்தல், தளர்த்தல்

தோலை லேசாக அலசி, சுருட்டிப் பிழிந்து, குழாய் மேல் கொட்டாங்குச்சியால் தள்ளி மிச்சத் தண்ணீரை எடுங்கள். துவைத்த வேட்டி பாதி காய்ந்திருக்கும் பதம் வரும்வரை நிழலில் தொங்கட்டும். எண்ணெய் தடவ வேண்டியது அந்த நேரத்தில்தான். தண்ணீர் வெளியேறும் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு தடவினால் மேலேயே திட்டாக நிற்கும்.

60 மில்லி போதும். ரோமப் பக்கம் மெல்லிய பூச்சு, சதைப் பக்கம் கொஞ்சம் அதிகம். பிசுபிசுப்பு வந்தால் எண்ணெய் மிஞ்சிவிட்டது, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். புங்கெண்ணெய் வாடை பிடிக்காதவர்கள் நல்லெண்ணெய் தடவலாம்.

பிறகு இரண்டு மூன்று நாள் நிழலில், காற்றோட்டத்தில். இந்த நாள்களில் தோலைச் சும்மா விடக் கூடாது. மேசை விளிம்பிலோ மழுங்கிய பலகை ஓரத்திலோ சதைப் பக்கம் உரசும்படி, நாலா பக்கமும் இழுத்து இழுத்துத் தளர்த்த வேண்டும். காயும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும், நாம் அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாது. ஒரு இரவு மறந்து காலையில் அட்டைபோல நின்றால் ஈரத்துணியில் சுற்றி வைத்து, மீண்டும் தொடங்கலாம். அந்தத் தவறுக்கு மட்டும் திருத்தம் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். தோல் காய்வதற்குள் பச்சைப் பூஞ்சை பிடித்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

12. கழிவுகளை என்ன செய்வது

வழித்த ரோமத்தையும் சதையையும் ஒன்றரை அடிக் குழியில் புதையுங்கள், இல்லாவிட்டால் நாய் இழுத்துத் தெருவெல்லாம் போடும். சுண்ணாம்புத் தண்ணீரை அகலமான தொட்டியில் திறந்து வைத்து, அவ்வப்போது கலக்கிவிட்டால் சில நாளில் சுண்ணாம்பு வெள்ளைக் கசடாகப் படியும். சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் கொட்டாதீர்கள். பட்டைச் சக்கை காய்ந்தால் அடுப்புக்கு ஆகும்.

13. வெட்டுவதற்கு முன்

முடிந்த தோலை ஒரு வாரம் தட்டையாக விரித்து வையுங்கள். ஈரப்பதம் ஒரே சீராகாமல் வெட்டினால் துண்டுகள் அளவு மாறும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கீறலும் மெலிந்த இடமும் எங்கே என்று சாக்குக்கட்டியால் சதைப் பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு ஓடிய பட்டை உறுதியானது, பர்ஸின் வெளிப்பக்கமும் வாரும் அதிலிருந்து வரட்டும். வயிறும் கால்மடிப்பும் இழுபடும், உள்பக்க அறைகளுக்கும் சின்னச் சின்ன வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதித் தோலைப் பாலிதீன் பையில் போடாமல் பருத்தித் துணியில் சுருட்டி, சுவரை ஒட்டாமல் உயரத்தில் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடம் போகாது. சுருட்டும்போது ரோமப் பக்கம் வெளியே இருக்கட்டும்.